ஞானஸ்நானத்துக்கு மறுவாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், மதம் மாறுகிறவர்கள் எல்லாம் எதையாவது வாங்கிக்கொண்டுதான் மாறுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதே கேள்வியை என் தம்பி கேட்டிருக்கிறான். டெப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் கூட, சட்டையை மடித்துக்கொண்டே, "எவ்ளோ சார் குடுத்தாங்க?" என்றார். சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் நான் கத்தோலிக்கன் ஆனபோது என் கையிலிருந்து போனது வெள்ளை வேட்டி சட்டை ஒரு செட், ஒரு பைபிள், அன்றைக்கு வந்திருந்தவர்களுக்கு டீ, பிஸ்கட். என் கைக்கு வந்தது ஒரு செபமாலை. அதுவும் பிளாஸ்டிக்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. மாறினவன் ஏன் மாறினான் என்று ஊரே பேசுகிறது. மாறின பிறகு அவன் என்ன ஆனான் என்று அந்தப் பக்கத்திலும் கேட்பதில்லை, இந்தப் பக்கத்திலும் கேட்பதில்லை. தவக்காலம் வரப்போகிறது. இந்த வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின இரவில் பல கோயில்களில் பெரியவர்கள் ஞானஸ்நானம் வாங்குவார்கள். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து 2016-இல் ஓய்வு பெற்றவன். வட ஆற்காட்டை 1989-இல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். டிக்கெட் கிழித்தவனுக்கு எல்லாம் ஒரே ரூட்டுதான், நான் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்வேன். பதினோரு வருஷம் வேலூர், ஆரணி, சேத்துப்பட்டு என்று ஓடினேன். சேத்துப்பட்டில் வண்டி இருபது நிமிஷம் நிற்கும். டிரைவர் சாப்பிடப் போவார். எனக்குப் பசி இருக்காது, நடந்துபோய் லூர்து மாதா கோயிலில் கடைசியில் உட்காருவேன். முதலில் போனது மின்விசிறிக்காக. வெயில் காலம். யாரும் என்னை யார், எவர் என்று கேட்கவில்லை. அந்தக் கோயில் எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணமே அதுதான். அப்புறம் அதே விஷயம் எனக்கு எப்படித் துன்பமாக ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

எனக்கு வியாதி குணமாகவில்லை. கடன் தீரவில்லை. கனவில் யாரும் வரவில்லை. நடந்தது இதுதான். அந்தக் கோயிலில் ஒரு மரக் கூண்டு இருக்கும். உள்ளே சாமியார் உட்கார்ந்திருப்பார், வெளியே ஒருவர் மண்டியிட்டு வலைத் தடுப்புக்கு அருகில் வாயை வைத்து ஏதோ சொல்வார், எழுந்து போவார். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கும்.

2004, ஐப்பசி மழை. ஆரணியிலிருந்து கடைசி டிரிப். ஒரு ஆள் கண்ணமங்கலம் வரை டிக்கெட் எடுத்தார். வயது ஐம்பது இருக்கும், வாயில் சாராய வாடை. கண்ணமங்கலத்தில் இறங்கவில்லை. கேட்டால் வேலூர் போக வேண்டும், மகள் வீடு, மீதிக் காசு இல்லை என்றார். இரண்டரை ரூபாய் குறைந்தது. டிக்கெட் இல்லாத ஆளோடு செக்கிங்கில் மாட்டினால் மெமோ கண்டக்டருக்குத்தான். அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. கணியம்பாடி வருவதற்கு முன்னால், ஒரு விளக்குகூட இல்லாத இடத்தில், விசில் அடித்து அவரை இறக்கிவிட்டேன். படியில் கால் வைக்கும்போது ஒரு செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. அவர் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டாவது விசிலை அடித்துவிட்டேன்.

டெப்போவில் வண்டியைப் பெருக்கும்போது சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை கிடைத்தது. உள்ளே மூன்று படி இருக்கும், பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண் கூடப் போகவில்லை. மகளுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதை டெப்போவில் எழுதி ஒப்படைத்திருக்க வேண்டும். நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி உப்புப் போட்டு அவித்தாள். பிள்ளைகளும் நாங்களும் உட்கார்ந்து தின்றோம். நல்ல மல்லாட்டை.

அதற்கப்புறம் மல்லாட்டையை என்னால் தின்ன முடியவில்லை. வேறு எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், இது ஒன்று மட்டும் தொண்டையில் நின்றது.

பல வருஷம் கழித்து, வேலூரில் எங்கள் பக்கத்துக் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம், நானும் அந்தக் கூண்டில் சொல்லலாமா என்று கேட்டேன். அதற்கு ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டும் என்றார். அப்படித்தான் மறைக்கல்விக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு வருஷம், ஞாயிறு மதியம், ஒரு சிஸ்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முடிவில் எனக்குத் தெரிந்த வேடிக்கை என்னவென்றால், பெரியவன் ஒருவன் ஞானஸ்நானம் வாங்கினால் அதுவரை செய்த பாவமெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே போய்விடுகிறது, அதைத் தனியாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவையில்லை. எதைச் சொல்வதற்காக வந்தேனோ அதைக் கேட்க ஆளில்லை! செக்கிங்குக்குப் பயந்து டிக்கெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவனைப் பார்க்காமலே இறக்கிவிட்ட மாதிரி ஆயிற்று.

2013, மார்ச் 30, சனிக்கிழமை ராத்திரி. எங்கள் கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் பெரிய மனிதர்களுக்கு மனசு புண்படும். விளக்கையெல்லாம் அணைத்து, வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுத் திரியை ஏற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள். "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று சாமியார் பாடினார். இருட்டில் கையில் கையாக மெழுகுவர்த்திகள் பற்றிக்கொண்டே போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே ஞானத்தகப்பன், அதாவது புதிதாக வருகிறவனுக்குத் துணை நின்று வழிகாட்ட வேண்டியவர். பங்குப் பேரவை என்கிற கோயில் ஆலோசனைக் குழுவில் முக்கியமானவர், வேறு யாரும் கிடைக்கவில்லை என்று அவரையே நிறுத்தினார்கள். ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்தார், போட்டோ எடுத்தார்கள், கை கொடுத்தார், போய்விட்டார். அதன் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியது தேர்த் திருவிழா வரி கேட்க வந்தபோது.

மறு ஞாயிறு கோயிலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஆண்கள் பக்கம் நின்றேன். எப்போது நிற்பது, எப்போது மண்டியிடுவது என்று முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்தே செய்தேன். முன்னால் இருந்தவர் இருமுவதற்காகக் குனிந்தபோது நான் மண்டியிட்டுவிட்டேன். பூசையில் ஓர் இடத்தில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிட வேண்டும். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அந்த வாரம் முழுக்க ஒரு கிறிஸ்தவன் என் முகத்தைப் பார்த்தது அந்தப் பத்து வினாடிதான்.

வெளியே வந்தால் இரண்டு கேள்வி. "எந்த ஊரு? யாரு வீடு?" பரம்பரைக் கத்தோலிக்கர்களுக்கு அது சாதாரணமாகப் பேச்சைத் தொடங்குகிற கேள்வி. ஆனால் நம் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்கிற ஊரில் அவர்களுக்குத் தெரிந்த வீடு இருக்காது. பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் தம்பி மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார வைத்தார்கள், நலங்கு வைக்கக் கூப்பிடவில்லை. எதிர்வீட்டில் பெந்தகோஸ்தே சபைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு நான் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவது பிடிக்காது. வேலூரில் கிறிஸ்தவர் என்றால் கத்தோலிக்க ஆர்.சி.யா, புராட்டஸ்டன்ட் சி.எஸ்.ஐ.யா, பெந்தகோஸ்தே சபையா என்று அடுத்த கேள்வி வரும். புராட்டஸ்டன்ட்காரர்களின் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் ஊன்றிய ஊர் அல்லவா. என் மனைவி மட்டும்தான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவள் இன்றைக்கும் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுகிறவள். கிருத்திகைக்கு ரத்தினகிரி போவாள். "நீங்க போய்ட்டு வாங்க. வரும்போது கருவேப்பில வாங்கினு வாங்க" என்பாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டு மத நல்லிணக்கம்.

மே மாதம் பங்குச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. சிஸ்டரும் வேறு ஊருக்குப் போனார். ஆகஸ்டுக்குள் நான் கோயிலுக்குப் போவதை மூன்று வாரத்துக்கு ஒரு தரம் என்று ஆக்கிக்கொண்டேன். இன்னும் ஆறு மாதம் அப்படியே விட்டிருந்தால் நின்றே போயிருப்பேன். நின்றுபோன ஆட்களை எனக்குத் தெரியும். எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கோயிலில் யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் ஆயா.

பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "நைனா, நீ கண்டக்டர்தான? எனுக்கு ஒரு தபா சில்லற பாக்கி வெச்சிட்டுப் பூட்ட" என்று ஒரு குரல். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், காதில் ஓட்டை மட்டும், கம்மல் இல்லை. நான் பயந்தே போனேன். எவ்வளவு ஆயா என்று பையில் கை விட்டேன். "காசு வாணாம். இன்னிக்கு வாசகம் மைக்குல ஒண்ணும் வெளங்கல. எங்கூட்டுக்கு வந்து படிச்சிக் காட்டு. அத்தோட கணக்கு தீந்துச்சி."

கணக்கு எட்டு வருஷம் தீரவில்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பீடி சுற்றிப் பிழைத்தவர். படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் வாசித்துக் காட்டுவாராம், அவர் போன பிறகு புத்தகம் அலமாரியிலேயே கிடந்தது. புதன்கிழமை சாயங்காலம் எனக்கு டியூட்டி இல்லாவிட்டால் போவேன். திண்ணையில் நான் உட்கார்ந்து படிப்பேன். ஆயா காலை நீட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றுவார். முதல் நாளே நனைத்து வைத்த இலை. தகரத் துண்டை அளவாக வைத்துக் கத்தரியால் வெட்டியிருப்பார். இலையை இடது கையில் விரித்து, தூளை ஒரு சிட்டிகை வைத்து, உருட்டி, முனையை நகத்தால் மடித்து, நூலைச் சுற்றி இழுத்து முறத்தில் போடுவார். கண்ணில் புரை விழுந்த பிறகும் கை தப்பவில்லை. நான் ஒரு வசனம் படிப்பதற்குள் ஒரு பீடி விழுந்துவிடும்.

அவர் விளக்கம் எதுவும் சொல்ல மாட்டார். சிஸ்டர் மாதிரி கேள்வி கேட்கவும் மாட்டார். ஆனால் சில இடங்களில் கை நின்றுவிடும். நூல் பாதியில் நிற்கும். அப்படி நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. நான் அதைத் திரும்பப் படிப்பேன். நாள் போகப்போக எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்கே முன்கூட்டித் தெரிய ஆரம்பித்தது. அப்புறம் ஆயா இல்லாதபோது தனியாகப் படித்தாலும், அந்தக் கை நிற்கிற இடத்தில் என் கண்ணும் நின்றது. நான் பைபிள் வாசிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். இதற்கு வேறு பெயர் இருந்தால் படித்தவர்கள் சொல்லட்டும்.

ஒரு புதன்கிழமை யோவான் நற்செய்தி கடைசி அதிகாரம். உயிர்த்த இயேசு கரையில் கரியினால் தீ மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார், அவருடைய சீடர் பேதுரு வருகிறார். கை நின்றது. "முன்னாடியும் ஒரு கரி நெருப்பு வந்துச்சே நைனா?" எனக்குத் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நானே படித்தது. பேதுரு குளிர் காய்ந்துகொண்டே அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்தாரே, அங்கே இருந்ததும் கரியினால் மூட்டிய தீதான். படிக்கத் தெரியாத மனுஷி காதில் கேட்டதை மூன்று வாரம் வைத்திருந்து இரண்டையும் சேர்த்திருக்கிறார். "அதே நெருப்ப மூட்டி வெச்சிக்கினு கூப்பிடறாரு. திட்டறதுக்கு இல்ல. கஞ்சி குடிக்க" என்றார்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு மல்லாட்டைப் பையைச் சொன்னேன். மழை, செருப்பு, இரண்டாவது விசில், உப்புப் போட்டு அவித்தது வரை. ஞானஸ்நானத்தில் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு மனுஷனின் காதில் அதுவரை அது விழவில்லை. ஆயா பீடி சுற்றாமல் முழுவதும் கேட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாமி மன்னிச்சாரு, சரி. கொட்டைக்கு இன்னா பண்ண?"

அடுத்த வாரம் சக்கேயு கதையைப் படிக்கச் சொன்னார். யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அந்த வரிதண்டுபவன் சொல்கிறான் அல்லவா. மூன்று படிக்கு நாலு மடங்கு பன்னிரண்டு படி. அந்த வருஷத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் பன்னிரண்டு படி வாங்கி, ராத்திரி கடைசி வண்டிக்கு நிற்கிறவர்களுக்குப் பொட்டலம் போட்டுக் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். என் மனைவியும் பொட்டலம் மடிப்பாள். அவளும் தின்றவள்தானே.

ஆயாவிடம் கற்றது இன்னும் உண்டு. என் அம்மா திதி வந்தபோது என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தேன். அம்மா கடைசிவரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினவள். ஆயாதான், "பூசைக்குக் காசு கட்டிப் பேரு குடு" என்றார். இந்துவாகச் செத்துப்போன அம்மாவுக்கா என்றேன். "அம்மாதானே" என்றார். பிறகு புதுச் சாமியாரிடம் கேட்டேன். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் திருப்பலி, அதாவது பூசை, ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். பூசை யார் யாருக்காக என்று கருத்து வாசிக்கிறவர் அந்தோணி, ஆரோக்கியம் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்து, என் அம்மாவின் பெயரில் ஒரு விநாடி நின்று, அப்புறம் வாசித்தார். அன்றைக்குத்தான் அது என் கோயில் ஆனது.

செபத்தில் ஆயா பழைய ஆள். எல்லோரும் "அருள் நிறைந்த மரியே" என்றால் அவர் மட்டும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்பார். பரலோக மந்திரமும் "பரமண்டலங்களிலே" என்றுதான் தொடங்கும். என் நாக்கிலும் இப்போது அதுதான் ஒட்டிக்கொண்டது, இளசுகள் சிரிக்கிறார்கள்.

அன்பியக் கூட்டம் என்று ஒன்று உண்டு, இருபது முப்பது வீடு சேர்ந்து ஒவ்வொரு வீடாகக் கூடி பைபிள் வாசிப்பது. எங்கள் வீட்டு முறை மட்டும் வராமல் தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் முருகன் படம் இருக்கிறது, வீட்டுக்காரி வேறு மதம் என்று தயக்கம். ஆயா ஒருநாள் கூட்டத்தையே இட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒருவர் சுவரைப் பார்த்து முணுமுணுத்தார். "அது அந்தப் பொண்ணு சாமி. நாம வந்தது செபம் பண்ண. குந்து" என்றார். என் மனைவி சுண்டல் கொடுத்தாள். மூன்று பேர் இரண்டாவது தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"எவ்வளவு குடுத்தாங்க" கேள்வியை நான் ஆயாவிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன். அவர் பூர்வீகம் சேத்துப்பட்டுப் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 78 வரை, அந்தப் பக்கமெல்லாம் ஜனம் செத்துக்கொண்டிருந்தபோது பிரெஞ்சு நாட்டுத் தாராஸ் சாமியார் அங்கே இருந்தார். அவர் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் ஏராளம். ஆயாவின் பாட்டனும் அதில் ஒருவராம். "எங்களயும் கஞ்சிக்கு வந்தவங்கன்னு சொல்லுவாங்க. ஆமா நைனா, கஞ்சிக்குத்தான் வந்தாங்க. பசி. கஞ்சி தீந்த அப்பறமும் இருந்தாங்களே, அத்த யாரு கேக்கறா?" அந்த வாசகருக்கு என் பதிலும் அதேதான்.

இப்போது கோயில்காரர்களுக்கு ஒன்று. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பெரியவர்களைப் படிப்படியாகத் தயாரிக்கும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 1972-இல் அதற்கான சடங்குமுறையும் வந்தது. அந்த முறை ஞானஸ்நானத்தோடு முடிவதில்லை. ஈஸ்டரிலிருந்து பெந்தகோஸ்து திருநாள் வரை 50 நாள் புதியவர்களைக் கூட வைத்துக்கொண்டு, வாங்கினது என்ன என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். நான் இதை ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களுக்கு அந்த 50 நாளும் கோடை விடுமுறை. ஞானப்பெற்றோருக்குச் சட்டம் கேட்கும் தகுதியும் மலை போல இல்லை. 16 வயது ஆகியிருக்க வேண்டும், ஞானஸ்நானத்துக்கு அடுத்த சடங்குகளான உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், அந்த நம்பிக்கைக்கு ஏற்ற மாதிரி வாழ வேண்டும். ஒரு பங்கில் இதற்குத் தேறுகிற ஆள் ஐந்து பேர் கூடவா கிடைக்க மாட்டார்கள்? ஐந்து பேருக்கு ஒரு ஆளை நிறுத்துவதை மட்டுமாவது விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒருவர், ஒரு வருஷம், வாரம் ஒரு தரம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுந்தால் போதும். அவர் பெரிய மனிதராக இருக்க வேண்டியதில்லை. ஆயாவை எந்தப் பங்குப் பேரவையும் அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்திருக்காது.

சாமியார்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. எனக்கு ஞானஸ்நானப் பெயர் தேவசகாயம். நானே கேட்டு வாங்கிய பெயர். 2012 டிசம்பரில்தான் அவருக்கு நாகர்கோவிலில், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்திருந்தார்கள். 2022-இல் புனிதரானார், சாமியாரோ துறவியோ அல்லாத பொதுநிலையினரில் இந்தியாவிலிருந்து முதல் புனிதர். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை அவர். வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் ஒடிந்திருந்தபோது அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னது யார்? டிலனாய் என்கிற டச்சுப் பட்டாளத்துக்காரர். 1741-இல் குளச்சல் சண்டையில் திருவிதாங்கூர் ராஜாவிடம் தோற்றுக் கைதியாகப் பிடிபட்டு, அப்புறம் அதே ராஜாவின் படைக்குத் தலைவர் ஆனவர். கூட வேலை பார்த்த ஆள் கஷ்டத்தில் இருக்கிறான் என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார். வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் கொடுத்தது சேசு சபைச் சாமியார், சரி. ஆனால் அந்த வாசலுக்கு வழி காட்டியது டிலனாய்.

ஆயா 2021-இல் போய்விட்டார். கொரோனா சமயம், கூட்டம் இல்லை. கல்லறையில் சாமியார் என்னைத்தான் வாசகம் படிக்கச் சொன்னார். ஓர் இடத்தில் நிறுத்தி இரண்டாம் தரம் படித்துவிட்டேன். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். பழக்கம்.

போன ஈஸ்டருக்கு ஒரு பையனுக்கு என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னார்கள். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஷிப்டு வேலை. ஞாயிறு மதியம் வருகிறான், படிக்கிறோம். அவன் செல்போனை வைத்துத் திருகிக்கொண்டே கேட்பான். எப்போதாவது விரல் நிற்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே படிக்கிறேன். இதுவரை இரண்டு தரம் நின்றிருக்கிறது.

ஒரு உதவி, ஆசிரியர் அவர்களே. "பேப்பர்ல போட்டுப் பாரேன்" என்று ஆயா பலமுறை சொன்னார், நான் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். 2004 ஐப்பசியில், ஆரணி வேலூர் கடைசி வண்டியிலிருந்து கணியம்பாடிக்கு முன்னால் மழையில் இறக்கிவிடப்பட்டவரோ, அவருடைய மகளோ இதைப் படித்தால், மஞ்சள் பை, காதில் நீல நூலால் ஒரு தையல் போட்டிருந்தது. பை இன்னும் என்னிடம் இருக்கிறது. என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும், பெயரை மட்டும் போட வேண்டாம் என்கிறாள் வீட்டில்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
சத்துவாச்சாரி, வேலூர்.